சொல்லறிவோம்: மறைபொருளாக்குதல்

'மறைபொருள்' என்பது வினைத்தொகை. மறைந்த பொருள், மறைகின்ற பொருள், மறையும் பொருள் என விரியும். இதனோடு 'ஆக்கு' சேர, 'மறைபொருளாக்கு' என்னும் பிறவினை பிறக்கும். ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது மறைத்தல். கண்முன் நிற்பதையே மனித அறிவுக்கு எட்டாததாகக் காட்டுவது மறைபொருளாக்குதல்.

ஜெய்ப்பூரில் உள்ள ஜந்தர் மந்தர், மன்னர் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த வானாய்வுக்கூடம். அங்குள்ள சாம்ராட் யந்திரம் சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் நிழல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 செ.மீ. நகர்ந்து நேரம் காட்டும், கண்ணாலேயே காணலாம்.

'ஜந்தர்' என்பது யந்திரம், அதாவது கருவி. யமுனை 'ஜமுனா' ஆனதைப் போன்ற திரிபு இது. 'மந்தர்' இங்கு ஆராய்ந்து கணித்தலைக் குறிக்கும். (நாமறிந்த 'மந்திரி' என்னும் சொல்லிலும் ஆராய்தற் பொருள் உண்டு.) ஆயினும் பேச்சு இந்தியில் இவ்விணைச்சொல் மாயவித்தை என்றே பொருள்படும். கணக்கினால் எழுந்த கட்டடத்தை அதன் பெயரே மறைபொருளாக்கிவிட்டது!

பயிற்சி: பொருள் வேறுபாடு தோன்ற வாக்கியம் அமைக்க.
மறைத்தான் – மறைபொருளாக்கினான்