மதுச் சாடியும் சிமெண்ட் மூட்டையும்



மலர்க்குழு அண்ணன், "பாடம் சம்பந்தமா ஒண்ணு எழுதித் தாப்பா" என்றார். "ஒயினைப் பத்தி எழுதட்டுமாண்ணே?" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். பயப்படாதீர்கள், இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. மண்ணைப் படிக்கச் சொல்லும் கட்டுரை.

என் அம்மா சித்தாள் வேலை செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். லீவு நாட்களில் நானும் வேலைக்குப் போவேன். போன கோடையில் மாமல்லபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினோம். நாலடி ஆழத்தில் தடித்தடியாகப் பானை ஓடுகள் வந்தன. கூடையில் அள்ளிப் பள்ளத்தில் கொட்டினேன்.

அன்று சாயந்திரம் அம்மா ஒரு சிமெண்ட் மூட்டையைக் காட்டி, "இதுல இன்னாடா எழுதியிருக்கு? இவ்ளோ வருஷமா தூக்கறேன்" என்றார். "போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட்" என்று படித்தேன். "பொசோலானான்னா?" பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஆனால் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

தேடிப் படித்தேன். இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையில் பொட்சுவோலி என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்து எரிமலைச் சாம்பலின் பெயர்தான் பொசோலானா. அதிலுள்ள சிலிக்கா, சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து இறுகும். ரோமானியர் அதைக் கொண்டு கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினார்கள். இன்று நம் மூட்டையில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல்.

கம்பானியா எனப்படும் அந்தப் பிரதேசத்தின் எரிமலை மண்ணில் திராட்சையும் நன்றாக விளைந்தது. அந்த மண்ணில் தண்ணீர் தேங்காது. பொட்டாசியம் போன்ற சத்துகளும் உண்டு. அங்கே பேர் பெற்ற ஃபலேர்னியன், வெள்ளை ஒயின் என்று கருதப்படுகிறது. அதில் இனிப்பில்லாத வகையும் உண்டு என்று பிளினி எழுதியிருக்கிறார். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முழுவதும் ஆல்கஹாலாக மாற்றிவிட்டால் இனிப்பு மிஞ்சாது. இந்தப் பிளினி இறந்ததும், கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோதுதான்!

இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அங்கே கிடைத்த சில ஓடுகளின் களிமண்ணில் கருமணல் கலந்திருக்கிறது. அத்தகைய ஓட்டை மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஆகைட் என்ற எரிமலைக் கனிமம் தெரியும். ஆம்! சாடி பிறந்தது கம்பானியாவில். யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தி வாழ்க என்று பாண்டியனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56-வது பாட்டில் இருக்கிறது.

நம் பாலாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வசவசமுத்திரத்திலும் 1969-70-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. உறைகிணறுகளும் கூம்புச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. சாடியின் உருவம் மட்டும் போதாது. இந்தியாவில் ரோமானியச் சாடி என்று எண்ணிய சில ஓடுகள், மெசபடோமியாவைச் சேர்ந்தவை என்று பிற்பாடு தெரிந்தது. கருமணல் நம் கடற்கரையிலும் உண்டு. ஆனால் நம் பக்கத்துப் பாறை சார்னகைட். எரிமலை மண் இங்கே கிடையாது. எனவே எரிமலை மணல் கலந்த ஓடு இங்கே கிடைத்தால், அது வெளியிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அன்னிக்கி நீ கொட்டினது?" என்றார். சாதாரண சோற்றுப் பானையாகவே இருக்கலாம். ஆனால் பார்க்காமல் கொட்டினேனே! இப்போது அதன்மேல் வீடு நிற்கிறது.

நண்பர்களே, நாளைக்குச் சைட்டில் நிற்கப்போவது நாம்தான். கடைக்காலில் பழைய ஓடு வந்தால் வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணைப் பரிசோதிக்கக் கற்றுக்கொண்ட நாமே அதைப் பார்க்காமல் கொட்டலாமா?



— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு