மூக்கிற்கு ஒரு பாடம்

ஐம்புலன்கள் யாவையென வினவின், முதல் வகுப்புச் சிறுவனும் விரல் மடக்கி ஒப்புவிப்பான். மூக்கின் தொழில் யாதெனின், "வாசனை அறிதல்" என்பான். அவ்வளவில் பாடம் முற்றிற்றென்று ஆசிரியர் அடுத்த பக்கம் புரட்டுவாராயின், கற்றது நாவேயன்றி மூக்கன்று.

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகட்கு இதற்கேற்ற கருவி அவ்வூர்ச் சரித்திரத்திலேயே உள்ளது. முதற் பராந்தக சோழர் காலத்து, கி. பி. 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறையை உரைக்கின்றன. அத்தகைய குடமொன்றில் கசக்கிய வேப்பிலை, துளசி, மருக்கொழுந்து, சீரகம், வைக்கோல், நனைத்த வயல்மண் ஆகியவற்றைத் தனித்தனித் துணிமுடிச்சாக இடுக. மணம் ஒன்றோடொன்று கலவாதிருக்க, பாடவேளையில் இடுதலே நன்று. கண் கட்டிய பிள்ளை ஒன்றை எடுத்து, முகர்ந்து, பெயர் கூறட்டும். பூச்சிமருந்துக் குப்பி முதலியவற்றை முகர விடலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு வேளைக்கு நான்கைந்து முடிச்சுப் போதும். இடையறாது நிற்கும் மணத்தை நாசி சற்று நேரத்தில் உணராதொழியும். இதனைப் பிள்ளைகள் தாமே காணச் செய்தல் மிக இன்றியமையாதது. ஏனெனில், மாட்டுக்கொட்டிலை அடுத்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையருகே மற்றொருவன் மூக்கைப் பிடிக்கும் நாள் எப்படியும் வரும். அன்று அதட்டுவதிற் பயனில்லை. தத்தம் வீட்டு வாடை எவர்க்கும் தெரியாது. மூக்கைப் பிடித்தவன் வீட்டிற்கும் ஒரு வாடை உண்டு. இதனை அவன் முன்னரே குடத்தருகில் அறிந்திருத்தல் வேண்டும்.

இனிச் சொல். பிள்ளைகள் வாயில் வருவன, நல்ல வாசனை, கெட்ட நாற்றம் என்னும் இரண்டே. நாற்றம் என்பதோ பண்டை நூல்களில் நறுமணத்தையும் குறித்த சொல். அடிபிடித்த சோற்றிற்குக் காந்தல், கெட்ட குழம்பிற்கு ஊசல், ஈரத்திற் கிடந்த துணிக்கு மக்கல், மீனுக்குக் கவிச்சு, வறுத்த மிளகாய்க்கு நெடி எனப் பாட்டிமார் வழங்கும் சொற்களைப் பள்ளியிலும் வழங்குக.

மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சீரகம் மெல்லச் சொன்னால் சுவை குன்றும். விட்டவுடன் மணம் தொண்டையின் பின்வழியே மேலேறிச் சுவை மீளும். சளி பிடித்த நாளிற் குழம்பு சப்பென்றிருத்தல் இதனாலேயே. மணத்தைப் பற்றும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991 இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டறிந்து, 2004 இல் நோபெல் பரிசு பெற்றனர். மனிதரிடத்து அவை ஏறத்தாழ 400 வகை.

எல்லா முடிச்சிற்கும் வாய் திறவாத பிள்ளையும் இருக்கலாம். மந்தனென்று கொள்ளற்க. சளியாகலாம், 2020 இற் பரவிய கொரோனா நோயால் மணமிழந்தார் பலர், பிறவியிலேயே முகர்வற்றாரும் உளர். அடுப்பு வாயுவிற்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரிதற்கென்றே மெர்காப்டன் என்னும் நெடிப்பொருளை அதிற் சேர்க்கின்றனர். அந்நெடியை அறியாத பிள்ளை வீட்டில் தனித்திருக்குமாயின் என்னாகும்? ஆதலின், அன்று மாலையே பெற்றோரைக் கண்டு, மருத்துவரிடம் காட்டுமாறு சொல்லுக.