மூளைக்குள் வெண்புள்ளிகள்

மாணவர்களே, மின்கம்பியின் மேல் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நரம்பிழைகள் பலவற்றின் மீதும் மயலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. உறை உரிந்தாலும் கம்பியில் மின்சாரம் ஓடும். நரம்பிலோ செய்தி தாமதமாகும், சில சமயம் நின்றே போகும்.

உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே இவ்வுறையைத் தாக்குவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். பார்வை மங்கும்; நடை தள்ளாடும்; கைகால் மரத்துப்போகும்.

1868-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இந்நோயை விளக்கினார். ஆனால் மூளையிலுள்ள தழும்புகளை, நோயாளி இறந்த பின்னரே அவரால் காண முடிந்தது. உயிருள்ளவரின் மூளையில் அவற்றைக் காண்பது எப்படி?

காந்த ஒத்ததிர்வுப் படமுறை, அதாவது எம்.ஆர்.ஐ., இதற்கு வழி காட்டியது. வலிய காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலைகளைச் செலுத்தினால், உடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் மறுகுறிப்பு அனுப்புகின்றன. உறை சிதைந்த இடத்தில் நீர் மிகுதி. ஆகவே ஒருவகைப் படத்தில் அவ்விடம் வெண்புள்ளியாகத் தெரிகிறது.

1981-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 நோயாளிகளைச் சோதித்தனர். சி.டி. ஸ்கேன் காட்டிய சிதைவுகள் 19. புதிய முறையோ மேலும் 112 சிதைவுகளைக் காட்டியது!

இதனால் என்ன பயன்? பல புள்ளிகள் எந்த அறிகுறியும் இன்றியே தோன்றுகின்றன. நோயாளி நலமாக உணரும்போதும் உள்ளே சேதம் நடக்கலாம். உறை ஓரளவு மீண்டும் வளரும். மூளையில் அறுந்த நரம்பிழையோ மீள்வதில்லை. எனவே புள்ளிகளை முன்கூட்டியே கண்டு மருந்து தொடங்குவது, ஒருவர் நடக்கும் ஆண்டுகளைக் கூட்டக்கூடும்.