விழித்திருப்பதும் பணிவிடையே

மாசி 20-ஆம் நாள் அய்யாவின் அவதாரத் திருநாளுக்காகச் சென்னையில் ரயில் ஏறுகிற நம் மக்களில் பலர் விழுப்புரம், அரியலூர், திருச்சி வழியாகத்தான் தெற்கே வருகிறார்கள். அரியலூரைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தைக் கடக்கும். கீழே ஓடுவது மருதையாறு. இரவு நேரம் ஆகையால் நாமெல்லாம் தூங்கிக்கொண்டிருப்போம். அந்த ஆற்றில் நடந்ததை இந்த மழைக்காலத்தில் நாம் பாடமாகப் படிக்க வேண்டும்.

மருதையாறு பெரம்பலூர் மாவட்டத்துப் பச்சைமலைப் பக்கம் தொடங்கி, அரியலூர் மாவட்டம் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் சேர்கிறது. வருடத்தில் பல மாதம் அதில் வெறும் மணல்தான். ஆனால் ஒரு ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தாலே சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். மலைச்சரிவிலும் கரிசல் காட்டிலும் ஒரே இரவில் 10, 15 செ.மீ. கொட்டினால் என்ன ஆகும்? ஊறிப்போன கரிசல் மண் அதற்குமேல் தண்ணீரை உள்ளே விடாது. எல்லாம் ஓடைக்கு வரும், ஓடையிலிருந்து ஆற்றுக்கு வரும். மேட்டில் மழை விட்டு, "அப்பாடா" என்று மக்கள் படுக்கும்போதுதான் தாழ்ந்த ஊரின் வாசலுக்கு வெள்ளம் வந்து சேரும்.

1956-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. நம் தென்பாண்டிச் சீமைக்கு வரும் வண்டி. கனமழையால் மருதையாறு பெருகிப் பாலத்தை ஒட்டிய கரை அரித்துப் போயிருந்தது. 23-ஆம் தேதி விடியும் முன்பே இன்ஜினும் முன்பகுதிப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று உறங்கியவர்கள் ஊர் போய்ச் சேரவில்லை.

இப்படி ஒன்று நடந்தால், "கலி முற்றிவிட்டது, அவரவர் பாவம் அவரவரைப் பிடித்தது" என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அடியேனும் சொன்னவன்தான். தாயின் மடியில் தூங்கிய பிள்ளை என்ன பாவம் செய்தது? நம் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நின்றால் அடுத்தவர் முகம் தெரியாது, நம் முகம்தான் தெரியும். ஆகவே "யார் பாவம்?" என்று கேட்பதை விட்டு, "நான் விழித்திருந்தேனா?" என்று கேட்பதே முறை.

அன்று ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அப்படித்தான் கேட்டுக்கொண்டார். அந்தக் கரையை அவர் கட்டவில்லை, வண்டியை அவர் ஓட்டவில்லை. ஆனாலும் பொறுப்பு தன்னுடையது என்று பதவியைத் துறந்தார்.

67 வருடம் கழித்து இன்னொரு இரவைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17. தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் இருந்த சுமார் 800 பேரும் தப்பினார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், தாங்களே வெள்ளத்தில் தவித்த நேரத்தில், அரிசி பருப்பு கொடுத்துச் சமைத்துப் போட்டார்கள்.

மழை அன்றும் பெய்தது, இன்றும் பெய்தது. மழையை நிறுத்த மனிதனால் ஆகாது. ஆனால் வண்டியை நிறுத்த முடிந்தது. உறங்குகிறவர்களுக்காக ஒருவர் விழித்திருந்தார், மற்றவருக்குச் சொன்னார், சொன்னதை அவர் கேட்டார். அவ்வளவுதான்.

அடியேன் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி இரவில் தாங்கலில் படுத்திருந்தேன். பக்கத்துக் குளம் மறுகால் பாய்கிற சத்தம் கேட்டது. சத்தம் வழக்கத்தை விடப் பெரிதாக இருந்தது. "காலையில் பார்ப்போம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். விடிவதற்குள் பள்ளத்துத் தெருவில் தண்ணீர் ஏறி, ஒரு பாட்டியின் மண்சுவர் விழுந்தது. அக்கம்பக்கத்தார் தூக்கி வந்ததால் பாட்டி பிழைத்தார். ஆடு இரண்டும் போயின. அன்று உகப்படிப்பில் எனக்குக் குரல் எழவில்லை. அந்தப் பாட்டி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

ஆகவே தாங்கல் தோறும் நாம் செய்ய வேண்டியவை:

1. வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை.

2. அப்படிப்பட்ட இரவில் இருவர் முறை வைத்து விழித்திருங்கள். குளத்துக் கரை, மறுகால், ஓடை மூன்றையும் தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

3. தண்ணீர் ஏறினால் முதலில் பள்ளத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். பிறகு கீழே உள்ள அடுத்த ஊருக்குப் போன் செய்யுங்கள். மாவட்ட அவசர உதவி எண் 1077.

4. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலும் ஆளைத் தள்ளிவிடும். தரைப்பாலத்தில் இறங்காதீர்கள், இறங்குகிறவரையும் தடுங்கள். பெருங்காற்றில் மரத்தடியில் நிற்க வேண்டாம், அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொட வேண்டாம்.

5. தாங்கல் கதவைத் திறந்து வையுங்கள். வருகிறவர் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாதீர்கள். ஒரு மூட்டை அரிசியும் நனையாத விறகும் ஐப்பசிக்கு முன்பே எடுத்து வைத்திருங்கள்.

விளக்கேற்றுவதும் வாகனம் சுமப்பதும் பணிவிடை என்றால், மழை இரவில் டார்ச்சோடு குளத்துக் கரைக்குப் போய் வருவதும் பணிவிடையே. அடுத்த முறை ரயிலில் மருதையாற்றைக் கடக்கும்போது விழிப்பு வந்தால், அன்று மாண்டவர்களை நினைத்துக் கையெடுங்கள். அந்த நேரத்தில் நமக்காக விழித்திருக்கிற ரயில்வே ஊழியர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அய்யா உண்டு.