சாதனைப் பட்டியலில் எதை எழுதுவது?

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து முடிக்கப்போகிறாய், தோட்டத்து மக்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதையே உன் வேலையாக எடுத்துக்கொள்ளப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்து மனம் நிறைந்தது. கூடவே ஒரு மனக்குறையும் சொல்லியிருந்தாய். எந்தப் பல்கலைக்கழகமானாலும் ஆண்டு முடிவில் ஒவ்வொரு துறையும் ஆசிரியர்கள், மாணவர்களின் சாதனைகளைப் பட்டியல் போடுகிறது. பதக்கம், விருது, வெளிநாட்டு மாநாடு, ஆய்விதழ்க் கட்டுரை என்று அது நீள்கிறது. பேராங்கில் ஒரு பாட்டியின் எதிரே உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டு எழுதுகிறவளுக்கு அதில் என்ன இடம் என்று கேட்டிருக்கிறாய்.

அந்தப் பட்டியலின் முதல் வரி உன்னுடையது என்பேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தன் மக்களைத் தானே படிக்கும் துறைகள் உலகில் எப்படி வளர்ந்தன, அவற்றில் எது நின்றது, எது போனது என்று பார்த்தால் உனக்கே தெரியும்.

அமெரிக்கக் கறுப்பினத்தாரின் கதையை எடுத்துக்கொள். சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். மறு ஆண்டு மார்ச் வரை அது நீடித்தது. எங்கள் வரலாற்றை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு துறை வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது. அங்கிருந்துதான் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறைகள் நாடெங்கும் பரவின. 1988இல் டெம்பிள் பல்கலைக்கழகம் அதே துறையில் முனைவர் பட்டமே தொடங்கியது. இன்று அத்துறைகளின் சாதனைப் பட்டியல் பெரியது. ஆனால் அவர்கள் பாடம் நடத்துவதற்குக் கையில் சரக்கு இருந்ததே, அது துறைகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தனி மனிதர்கள் சேர்த்து வைத்தது. கார்ட்டர் வுட்சன் 1915இல் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒரு சங்கம் கண்டு, மறு ஆண்டே ஆய்விதழும் தொடங்கினார். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஆர்ட்டுரோ ஷோம்பர்க் சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் 1926இல் நியூயார்க் பொது நூலகத்துக்குப் போயின. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அங்கேதான் போய் உட்கார்கிறார்கள்.

இவர்களில் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர் சோரா நீல் ஹர்ஸ்டன். 1927இல் அவர் உன்னைப் போல மாணவி, மானிடவியல் படித்துக்கொண்டிருந்தார். அலபாமாவில் கட்ஜோ லூயிஸ் என்ற முதியவரைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள். 1860இல் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளைக் கடைசியாகக் கொண்டுவந்த குளோட்டில்டா கப்பலில் வந்தவர் அந்த முதியவர். ஹர்ஸ்டன் போனார், வந்தார், கட்டுரை எழுதினார். வுட்சனின் ஆய்விதழிலேயே அது அச்சானது. இன்றைய கணக்கில் பார்த்தால் மாணவர் சாதனைப் பட்டியலில் முதலில் வரவேண்டிய கட்டுரை. ஆனால் அதில் பெரும்பகுதி வேறொருவர் முன்பே எழுதிய நூலிலிருந்து எடுத்தது என்று ஹர்ஸ்டன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மறுபடியும் அந்த முதியவரிடம் போனார். பீச் பழமும் தர்பூசணியும் வாங்கிப் போனார். முதியவர் பேச மறுத்த நாட்களில் பேச்சுக் கேட்காமல் கூட இருந்துவிட்டு வந்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டபோது அவர் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வந்து நின்றாராம். தன் சொந்த மண்ணில் நிற்பதுபோல் படம் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படிச் சேர்த்த பேச்சை ஹர்ஸ்டன் புத்தகமாக்கினார். பதிப்பாளர், முதியவரின் கொச்சையைத் திருத்தி நல்ல ஆங்கிலத்தில் தந்தால் போடலாம் என்றார். ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். 1960இல் அவர் இறந்தபோதும் அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 2018இல்தான் ‘பாராக்கூன்’ என்ற பெயரில் அச்சில் வந்தது. அவசரத்தில் எழுதிய கட்டுரை அன்றைக்கே அச்சேறியது. உண்மையான வேலைக்கு ஏறத்தாழ 90 ஆண்டு பிடித்தது. உன் ஆய்வேடு எந்த ஆண்டில் முடிகிறது என்பதைவிட அது எந்த வகையில் சேரப்போகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படு.

நம் நாட்டுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ நாளிதழ் வழியே பெரும் இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். உழைக்கும் மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த வெள்ளியில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வந்தன. தங்கள் பிள்ளைகள் அந்த வாசற்படியை மிதிப்பார்களா என்றே தெரியாதவர்களும் கொடுத்த பணம் அது. நம் துறைகளுக்கு உண்மையான புரவலர் யார் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் சொல்வேன்.

1961இல் தனிநாயக அடிகள் அத்துறைக்குத் தலைவராக வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள், மேடைதோறும் சொல்கிறார்கள். அதே ஆண்டு அந்தத் துறை வெளியிட்ட வேறு இரண்டு நூல்களை யாரும் சொல்வதில்லை. ஒன்று, 1679இல் அச்சான அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி. வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் கண்டெடுத்ததை அப்படியே படியெடுத்துப் பதிப்பித்தார்கள். மற்றது நம் வீட்டு விஷயம். இராம சுப்பையா எழுதிய, கீழ்ப் பேராக்கில் வழங்கும் தமிழ் வட்டார வழக்குச் சொற்கள் பற்றிய ஆய்வு. உலக அறிஞர்களெல்லாம் தலைநகரில் கூடிய அதே ஆண்டில், ஒரு ஆய்வாளர் பேராக் மாநிலத்துத் தமிழர் வாயில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டுக் குறித்துவைத்திருக்கிறார். அதே சுப்பையா 1969இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்களுக்கு ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலையும் தந்தார். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பழைய நூல்களைத் தேடுகிறவர்கள் அந்தப் பட்டியலில் கைவைக்காமல் நகர முடியாது. கைதட்டு வாங்காத வேலை, ஆனால் துறை என்றால் இதுதான் துறை.

இனி நீ படிக்கும் இடம். உன் பழைய வளாகத்தில் இருக்கும் சுலு புடிமான் கட்டடத்தை வெறும் அருங்காட்சியகமாகப் பார்த்துவிட்டுப் போகாதே. 1922 நவம்பரில் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி அது. கம்பத்துப் பையன்கள் வந்து படித்த இடம். 1924இல் மொழிபெயர்ப்பு அலுவலகம் அங்கே வந்தது, மலாய் மொழியறிஞர் ஸாபா அங்கே 15 ஆண்டு உட்கார்ந்து வேலை செய்தார். மலாய்ப் பள்ளிகளுக்குப் பாடநூல், வீட்டில் வைத்துப் படிக்க நூல்வரிசை, மொழிக்கு இலக்கணம் எல்லாம் பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டணத்திலிருந்து போயின. அங்கே படித்தவர்கள்தாம் பின்னால் எழுத்தாளராகவும் தேசியவாதியாகவும் எழுந்தார்கள். அந்த நாளில் தமிழ் ஆசிரியருக்கு அப்படி ஒரு கல்லூரி கிடையாது. 1923இன் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அதே கல்லூரி இன்று பல்கலைக்கழகமாகி, அதில் நீ தமிழ் ஆசிரியையாகப் பட்டம் வாங்குகிறாய். கடந்து வந்த இந்தத் தூரத்தை மறக்கக்கூடாது.

போகட்டும், வேலைக்கு வருவோம். நீ நினைப்பதைவிட அவகாசம் குறைவு. கத்தோயாங், பேராங், சிலிம் ரிவர் பக்கமெல்லாம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் போய்த் தாமான்கள் வந்தன. புரோட்டோன் தொழிற்சாலை வந்தது, உன் புதிய வளாகமே அங்கே வந்துவிட்டது. சப்பான்காரன் காலத்தில் கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே எண்பதுக்கு மேல். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப்போனவர்களில் நேரில் சொல்ல ஏறத்தாழ யாரும் இல்லாத நிலை வந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகளிடமாவது கேட்க வேண்டும்.

முதல் தடவை போகும்போது கைப்பேசியை வெளியே எடுக்காதே. போய் உட்கார், என்ன தோட்டம், எந்தத் தண்டல், எத்தனாம் நம்பர் லயம் என்று உறவுமுறை சொல்லிப் பேசு. அவர் போட்டுத்தரும் கோப்பியைக் குடித்துவிட்டு வா. “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. “கஷ்டம்தாம்மா, வேற என்ன” என்பதோடு முடிந்துவிடும். உளியை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேள். ஒரு குச்சியைக் கையில் கொடு. அவர் எழுந்து நின்று காட்டுவார். இடது மேலிருந்து வலது கீழாகப் பட்டையைச் சீவும் கோணம் கைக்கு மறக்காது. ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அதற்குக் கிராணி ஏசியது நினைவுக்கு வரும். விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று விரைந்தது, முதலில் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டது, மங்கைத் துடைத்து வைத்தது, மழை பிடித்தால் அன்றைய கூலி போனது, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு வந்து மார்பு கட்டிக்கொண்டு வலித்தது என்று ஒன்றிலிருந்து ஒன்று வரும். இந்தக் கடைசி விஷயம் எந்தத் தொழிற்சங்க அறிக்கையிலும் கிடைக்காது. ஆண்கள் சங்கமும் வேலைநிறுத்தமும் பேசுவார்கள், அதுவும் வேண்டும். ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பது பெண்களிடம் இருக்கிறது.

வருடம் கேட்டுத் தொல்லை செய்யாதே. அவசரகாலத்துக்கு முன்னா பின்னா, தோட்டத்தைத் துண்டு போட்டபோது எங்கே இருந்தீர்கள், சிவப்பு அடையாள அட்டைக்கு வேலை பெர்மிட் கேட்டார்களே அப்போது என்ன செய்தீர்கள் என்று கேள். காலம் தானாக நிற்கும். கேட்டதைப் பிறகு பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடும் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார். இங்குள்ள இந்தியரைப் பற்றிக் கெர்னியல் சிங் சந்துவும் அரசரத்தினமும் எழுதிய நூல்களைக் கட்டாயம் படி. எத்தனை பேர் எந்தக் காலத்தில் எந்த முறையில் வந்தார்கள் என்பது அங்கே கிடைக்கும். லயத்தில் பிரசவம் பார்த்த கிழவியின் பெயர் அங்கே கிடைக்காது. இரண்டும் இல்லாமல் வரலாறு எழுத முடியாது. உன் மேற்பார்வையாளர் கோட்பாடு கேட்டால் முகம் சுளிக்காமல் அதையும் படி, அது உன் கேள்வியைக் கூர்மையாக்கும்.

எழுதும்போது பேச்சைத் திருத்தாதே. கித்தா என்றால் கித்தா, பெரட்டு என்றால் பெரட்டு. தேர்வாளர் படிப்பதற்கு அடிக்குறிப்பு போட்டுக்கொள். பாட்டியைச் செந்தமிழில் பேசவைத்தால் அவர் பேத்திக்கே அது யார் பேச்சு என்று தெரியாமல் போகும். சாதி, அடி, கள்ளுக்கடை, வெளியே சொல்ல முடியாத சாவு என்று சில இடங்களில் அவர் நிறுத்துவார். நீயும் நிறுத்து. பெயர் போடலாமா என்பதைத் தொடக்கத்தில் ஒரு முறை, எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு மறு முறை கேள். முதலில் சரி என்றவர் பிறகு வேண்டாம் என்றால் அந்தப் பெயரை எடுத்துவிடு, வாதாடாதே.

எல்லாம் முடிந்து பட்டியலுக்குத் தகவல் கேட்பார்கள். இன்னார் இன்ன தோட்டத்தில் பிறந்தவர், இத்தனை மணி நேரம் பேசினார், ஒலிப்பதிவு இன்ன இடத்தில் இருக்கிறது, ஒரு படி குடும்பத்துக்கும் ஒரு படி அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுக்கப்பட்டது என்று எழுதிக்கொடு. பதக்கம் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள், உன் அப்பா அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் குடும்பத்துக்குப் படி கொடுக்காத ஆய்வை, எத்தனை விருது வாங்கினாலும், நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தஞ்சோங் மாலிமிலிருந்து சுங்காய் வரை உள்ள தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் வீட்டை மாற்றும்போதோ பெரியவர் காலமானபோதோ பழைய பெட்டியில் இருக்கும் செக்ரோல், பள்ளிச் சான்றிதழ், சங்க அட்டை, கோயில் திருவிழா நோட்டீசு, குடும்பப் படம் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் படியெடுக்கச் சொல்லுங்கள். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அக்கா