லயம் இல்லாத வகுப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
டிசம்பர் 2025

அன்பு மகளுக்கு,

முதல் போஸ்டிங்கே கிள்ளான், அதிலும் முதலாம் ஆண்டு என்று உன் செய்தியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அனுபவப்பட்ட டீச்சர்களே தலைமையாசிரியரிடம் கெஞ்சித் தப்பிக்கப் பார்க்கும் வகுப்பு அது. ஆசிரியர் கல்விக் கழகத்தில் பாடத்திட்டம், வகுப்பறை மதிப்பீடு எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும் அம்மாக்களை என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை நீயே சமாளித்துக்கொள்வாய். நீ கேட்டிருக்கும் கேள்வி வேறு: "ஒருத்தரையொருத்தர் தெரியாத பிள்ளைகளை எப்படி டீச்சர் ஒரு வகுப்பாக்குவது?" அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

உன் பாட்டன் காலத்து வாத்தியாருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1923இல் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தர வேண்டும் என்றது. சட்டத்துக்காக வைத்த பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்? ஒரு கொட்டகை, எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே வாத்தியார், சில இடங்களில் தோட்டத்துக் கணக்கரான கிராணியே வாத்தியார். படிப்பு சுமார்தான். ஆனால் பிள்ளைகளைப் பழக வைக்கும் வேலை மட்டும் அவருக்கு இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்து, ஒரே ஆயாக் கொட்டகையில் தூங்கி, ஒரே மாரியம்மன் கோயில் திருவிழாவில் தொலைந்துபோய்க் கிடைத்தவர்கள் அவர்கள். எவன் யாருக்கு மச்சான் என்பது முதல் எவன் அப்பா நேற்று கள்ளுக்கடையில் விழுந்து கிடந்தார் என்பது வரை எல்லாருக்கும் தெரியும். சாதிச் சண்டையும் கூடவே வகுப்புக்குள் வந்தது. அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உறவும் பகையும் வெளியில் தயாராகி உள்ளே வந்தன என்பதுதான் விஷயம்.

இங்கே பிரிக்பீல்ட்ஸில் அப்போது ரப்பர்த் தோட்டத்துக்குப் பதில் ரயில். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அப்பாமார் எல்லாரும் ஒரே இடத்தில் வேலை. சாயங்காலம் ஒரே திடலில் பந்து. ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் பழைய யார்டு இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. அதே காலத்தில் தோட்டங்களும் ஒன்றொன்றாகத் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகள் ஆயின. கிள்ளானில் ஹைலண்ட்ஸ், கோலாலம்பூரில் எடின்பர்க், புக்கிட் ஜாலில் என்று பெயரில் இன்னும் தோட்டத்தைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சுற்றிப் பார்த்தால் பால்மரம் ஒன்றுகூட இருக்காது. விடுதலையின்போது எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மறுபக்கம், சிம்பாங் லீமா போன்ற பள்ளியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள்.

அதனால் உன் வகுப்பில் வந்து உட்காரப்போகிறவர்கள் யார் என்று யோசி. ஒருவன் காண்டோவிலிருந்து, வீட்டில் ஆங்கிலம். ஒருத்தி அடுக்குமாடி வீட்டிலிருந்து, பாட்டி வளர்ப்பு, அழகான தமிழ். இன்னொருவன் பாலர் பள்ளிப் பக்கமே போகாதவன். எல்லாரும் வெவ்வேறு வேனில் வந்து வெவ்வேறு வேனில் போவார்கள். பள்ளி விட்டால் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கப் போவதில்லை. லயம் செய்துகொடுத்த வேலை இப்போது உன் தலையில். உருப்படியாகச் செய்ய முதல் ஆறு வாரம்தான் இருக்கிறது என்பது என் கணக்கு. அதற்குப் பிறகு யார் யாரோடு சேர்வது, யாரை ஒதுக்குவது என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்து முடித்திருப்பார்கள்.

இந்த முறை காலண்டர் உன் பக்கம். கோவிட்டுக்குப் பிறகு மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தொடக்கம் இப்போதுதான் மறுபடி ஜனவரிக்கு வருகிறது: சிலாங்கூரில் 12ஆம் தேதி. அதே வாரம் பொங்கல். பிப்ரவரி 1 தைப்பூசம், 17 சீனப் புத்தாண்டு, அதற்கு அடுத்தே நோன்பு மாதம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிச் சொல் என்றால் வாய் வராது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு யாரோடு போனாய் என்று கேள், நிறுத்த முடியாது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். முதலில் பெயர். பதிவேட்டில் பிறப்புப் பத்திரப் பெயர் முழுசாக இருக்கும், எண்கணிதம் பார்த்துச் சேர்த்த எழுத்துகளோடு. பாதிப் பிள்ளைகளுக்கு அது தன் பெயர் என்றே தெரியாது. வீட்டில் அம்மு, தம்பி, பாப்பா. "உன்னை இங்கே எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து கேள், எழுதிக்கொள், சரியாக உச்சரி. உன்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள். முதல் வாரத்திலேயே எவனாவது இன்னொருவனைக் கருப்பா என்றோ குண்டு என்றோ கூப்பிடுவான். நம் வீடுகளில் செல்லமாகவே அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் இருப்பதால் அவனுக்கு அது தப்பு என்று தெரியாது. திட்டாதே, சிரித்து மழுப்பவும் செய்யாதே. "இந்த வகுப்பில் அவன் பெயர் இது" என்று பெயரைச் சொல்லி நிறுத்து. ஒவ்வொரு தடவையும். அலுக்கும்தான்.

உன் பெயரும் உன் சகாக்கள் பெயரும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மலாய்மொழி ஆசிரியை, சிற்றுண்டிச்சாலை அக்கா, வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா எல்லாரிடமும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவை. கழிவறைக்கும் ஒரு தடவை கூட்டமாகப் போய்வா. முதல் மாதம் பிள்ளைகள் அழும் காரணங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, அமைதி. கிஜுபாய் பதேக்கா என்று ஒரு குஜராத்திக்காரர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920இல் பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கியவர். 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கதை தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது, தேடிப் படி. அதில் வரும் புது வாத்தியார் ராத்திரியெல்லாம் திட்டம் போட்டு, மௌன விளையாட்டு ஒன்றோடு நாலாம் வகுப்புக்குள் போகிறார். பிள்ளைகள் அந்த மௌனத்தையே கேலியாக்கி வகுப்பை இரண்டாக்கிவிடுகிறார்கள். பேசாமல் அன்றைக்கு லீவு விட்டு அனுப்பிவிடுகிறார். மறுநாள் கதை சொல்ல உட்காருகிறார்; வகுப்பு கட்டுப்பட்டுப்போகிறது. உன்னால் லீவு விட முடியாது, தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்புவார். ஆனால் கதையை நீ முதல் நாளே தொடங்கலாம். ஒரே நாளில் முடியாத கதையாக எடு. வேனில் ஏறும்போது எல்லாப் பிள்ளைகள் மனதிலும் ஒரே நரியோ ஒரே பூதமோ இருக்கும். அவர்களுக்குள் பொதுவான முதல் சொத்து அதுதான்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பறை அழகுப் போட்டி வைப்பார்கள். விடுமுறையிலேயே வந்து எல்லாச் சுவரையும் ஒட்டி முடித்துவிடச் சொல்வார்கள். அரைச் சுவரைக் காலியாக விட்டுவை. அவர்கள் கையால் வரைந்தது ஒட்டட்டும். பரிசு போனால் போகட்டும். வகுப்பு விதிகளையும் அச்சடித்துத் தொங்கவிடாதே. சபைகூடலில் நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாராவைப் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டிருப்பாய். 1970இல் வந்த அந்த ஐந்து கோட்பாடுகளை வாய் சொல்லும், கண் காக்காய் பார்க்கும். உன் விதிகளுக்கும் அதே கதிதான். யாராவது ஒருவன் தள்ளி இன்னொருத்தி விழுந்த அன்று எல்லாரையும் உட்கார வைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வாக்கியத்தையே எழுதி ஒட்டு.

எல்லாருக்கும் வேலை கொடு. மின்விசிறி போடுவது, வெண்பலகை துடைப்பது, காலணிகளை வரிசையாக வைப்பது, தண்ணீர் போத்தல்களை அடுக்குவது, செடிக்கு நீர் ஊற்றுவது, இன்றைக்கு யார் வரவில்லை என்று பார்த்துச் சொல்வது. வாரத்துக்கு ஒரு தடவை மாற்று. வகுப்புத் தலைவனுக்கு மட்டும் ஒரு வேலையைத் தராதே: பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதுவது. எத்தனையோ நல்ல பிள்ளைகள் அந்த ஒரு மார்க்கர் பேனாவால் போலீஸ்காரர்களானதைப் பார்த்திருக்கிறேன். பழைய திண்ணைப் பள்ளியில் வகுப்புத் தலைவனான சட்டாம்பிள்ளைக்கோ அதட்டுவதோடு சொல்லித் தரும் வேலையும் இருந்தது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கற்றுத்தருவதை ஒரு முறையாகவே ஆக்கி 1797இல் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். சொல்லித் தரும் அந்தப் பாதியை மட்டும் நீ எடுத்துக்கொள்.

இதை இன்னும் கூர்மையாகச் செய்தவர் எலியட் அரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தபோது பள்ளிகளில் அடிதடி. ஒற்றுமையாக இருங்கள் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒரு குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவனிடம் இருப்பதைக் கேட்டு வாங்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. வேண்டாதவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

முதலாம் ஆண்டில் இதைச் செய்ய எழுத்தட்டை போதும். ப, ட, ம். ம, ர, ம். ப, ழ, ம். ஆளுக்கு ஓர் அட்டை. மூவர் சரியான வரிசையில் சேர்ந்து நின்றால்தான் சொல். ஒரு சூட்சுமம் சொல்கிறேன்: பாலர் பள்ளிக்குப் போகாத பிள்ளையிடம் 'ம்' அட்டையைக் கொடு. ஓர் எழுத்துத் தெரிந்தால் போதும், படம், மரம், பழம், பணம் எல்லாவற்றுக்கும் அவன் தேவை. வகுப்பே அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் வேறு எழுத்து கொடு.

ஓய்வு நேரத்தில் கவனமாக இரு. வசதியில்லாத பிள்ளைகளுக்கு அரசு தரும் ஆர்எம்டி சாப்பாடு வாங்குகிறவர்கள் உன் வகுப்பில் இருப்பார்கள். "ஆர்எம்டி பிள்ளைகள் எழுந்து வாங்க" என்று உரக்கக் கூப்பிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் நீ ஒரு மாதம் கட்டியதைக் கலைத்துவிடும். எல்லாரையும் ஒரே வரிசையில் கூட்டிப்போ, ஒரே மேசையில் உட்காரவை. தூக்குப்பெட்டியில் நாசி லெமாக் கொண்டுவந்தவன் பக்கத்தில் தட்டில் வாங்கியவள். அங்கே போய் நீயும் உட்கார்ந்து சாப்பிடு, முடிந்த நாளெல்லாம்.

பெற்றோர் வாட்சாப் குழு உனக்கு ஒரு தனித் தலைவலி. முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை 2019இலேயே எடுத்துவிட்டார்கள், 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆரும் போனது, "என் பிள்ளை எத்தனையாவது?" என்ற கேள்வி மட்டும் போகவில்லை. அழகாக எழுதிய ஒரு நோட்டைப் படமெடுத்துப் போட்டால் அன்று ராத்திரி பல வீடுகளில் பிள்ளைக்கு அடி விழும். போடுவதானால் எல்லாரும் சேர்ந்து செய்ததைப் போடு. பொங்கலன்று பானைக்கு அரிசி, பால், வெல்லம் என்று ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லி எழுது. அம்மா அப்பாமாரையும் கூப்பிடு. வாசலில் வேன் வரும்வரை அவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும். பிள்ளைகளைவிட அவர்கள்தான் அதிகம் கூச்சப்படுவார்கள்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. ஆண்டு நடுவில் ஒரு பிள்ளை மாற்றலாகி வரும், அநேகமாக நீ மும்முரமாக மதிப்பீட்டுக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் நாளில். யார் பக்கத்தில் உட்காரவைப்பது, கழிவறையை யார் காட்டுவது, கதையில் இதுவரை நடந்ததை யார் சொல்வது என்ற மூன்று பொறுப்புகளையும் இப்போதே வேலைப் பட்டியலில் சேர்த்துவிடு. ஆள் வருவதற்கு முன்பே அந்த வேலைக்குப் பிள்ளைகளுக்குள் போட்டி இருக்கும்.

அன்புடன்,
உன் டீச்சர்