எஞ்சினில் எண்ணெய் அமுக்கம் குறைதல்: காரணமும் பரிகாரமும்

செவ்வனே ஓடும் மோட்டார் எஞ்சினுள் கிராங்க் தண்டு அதனைத் தாங்கும் பெயரிங்கைத் தொடுவதில்லை. இரண்டுக்குமிடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று அவற்றைப் பிரித்து வைக்கின்றது. அப்படலத்துக்கு எண்ணெய் இடையறாது ஊட்டப்படுகின்றதா என்பதை அறிவிப்பது அமுக்கமானி. அதன் முள் தாழக் கண்டவுடன் எஞ்சின் முடிந்ததென்று முழுவதையும் பிரிக்கச் சொல்வாரும் உளர். பழைய வண்டிக்கு இஃது இயல்பென்று பாராமுகமாய் ஓட்டுவாரும் உளர். முன்னவர் பணத்தை இழக்கின்றனர். பின்னவர் எஞ்சினையே இழக்கின்றனர். அமுக்கம் தாழ்தல் நோயன்று, நோயின் குறி. நோயையும் அதன் மூலத்தையும் அறிந்தபின்னரே பரிகாரம் செய்க என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்கு விதித்த முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

ஈண்டு நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது 1956 முதல் 1962 வரை மொறிஸ் மைனர் வண்டியிற் பொருத்தப்பட்ட எஞ்சின். யாழ்ப்பாணத்து வீதிகளில் பல்லாண்டு உழைத்த இவ்வண்டியை அறியாதார் இலர். இதன் கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர்; நாம் மேலே சுட்டிய குறளின் எண்ணும் 948. இது தற்செயலே எனினும் மாணவர் நினைவில் வைத்தற்கு உதவும். நல்ல நிலையிலுள்ள இவ்வெஞ்சின் சூடேறியபின், ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவிலும், நின்று மெல்ல இயங்குகையில் 15 இறாத்தல் அளவிலும் அமுக்கம் காட்டும்.

முதலில் தெளியவேண்டியது ஒன்றுண்டு. பம்பி அமுக்கத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தையே உண்டாக்குகின்றது. அவ்வோட்டத்துக்கு எதிர்ப்படும் தடையினால் அமுக்கம் பிறக்கின்றது. தோட்டத்துக்கு நீரிறைப்பவர் இதனை நன்கறிவர். குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்தினால் நீர் சீறிப் பாயும். விரலை எடுத்தால், அதே பம்பி அதே விசையோடு இயங்கினும், நீர் காலடியில் விழும். எஞ்சினில் அவ்விரலின் தொழிலைச் செய்வன பெயரிங்குகளின் குறுகிய இடைவெளிகளும் எண்ணெயின் பாகுநிலையுமே. இடைவெளி அகன்றாலும் எண்ணெய் நீர்த்தாலும் அமுக்கம் விழும். அன்றியும், ஒரே அமுக்கத்தில் ஓர் ஒடுங்கிய இடைவெளியூடாகக் கசியும் எண்ணெயின் அளவு அவ்விடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது பௌதிகம் கற்போர் அறிந்தது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எண்மடங்காகும். பழைய எஞ்சின்கள் நெடுங்காலம் நன்றாயிருந்து, பின் விரைந்து தளர்தற்குக் காரணம் இதுவே.

இனி ஆராயும் முறை. செலவற்ற சோதனையே முதலில் செய்யத்தக்கது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவுகோலை எடுத்து எண்ணெயின் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். மட்டம் குறைந்திருப்பின் வளைவுகளில் பம்பி காற்றை உறிஞ்சும். முள் துடிதுடித்துத் தாழும். அடுத்து அமுக்கமானியையே சந்தேகித்தல் வேண்டும். விளக்கு மாத்திரம் உள்ள வண்டிகளில் அதன் ஆளி பழுதுற்று நல்ல எஞ்சினைப் பழித்துரைத்தலும் உண்டு. அவ்வாளியைக் கழற்றி, நம்பத்தக்க அமுக்கமானி ஒன்றை அத்துளையிற் பூட்டிப் பார்த்தால் ஐயம் நீங்கும். மறுதலையாக, விளக்கு அணைந்திருத்தலை நற்சான்றாகவும் கொள்ளலாகாது. அது மிகக் குறைந்த அமுக்கத்திலேயே அணைந்துவிடும்.

மூன்றாவது, எண்ணெயின் தன்மை. நம்மவர்க்கு இக்காரணம் புதிதன்று. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருகிய ஆண்டுகளில் இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து சம்பினுட் சேர்ந்து எண்ணெயை நீர்க்கச் செய்தது. கலந்த பெற்றோலிற் பெரும்பகுதி எஞ்சின் சூட்டில் ஆவியாய் அகலும். மண்ணெண்ணெயோ எளிதில் அகலாது. எண்ணெய் விடாதிருக்கவும் அளவுகோலில் மட்டம் ஏறுதலே இதன் அடையாளம். அக்காலம் கழிந்தது எனினும் நோய் கழியவில்லை. சோக் இறுகி நின்றாலும், காபரேற்றர் நிரம்பி வழிந்தாலும், கமத்தண்டினால் இயங்கும் பெற்றோல் பம்பி உள்ள வண்டிகளில் அதன் தோல் கிழிந்தாலும், பெற்றோல் சம்பை அடையும். எண்ணெயை மணந்து பார்த்தும் விரலிடை தேய்த்துப் பார்த்தும் இதனை அறியலாம். மூலத்தைத் திருத்தி எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினால், பெயரிங்குகள் அதற்குள் கெட்டிராவிடின், அமுக்கம் மீளும்.

இவற்றாலும் தீராவிடின், அமுக்கம் எப்பொழுது தாழ்கின்றது என்று நோக்குக. குளிர்ந்த எஞ்சினில் நன்றாயிருந்து, சூடேறியபின் மெல்லியக்கத்தில் மாத்திரம் தாழுமாயின் பெயரிங்குத் தேய்வையே பெரும்பாலும் எண்ணவேண்டும். குளிரிலும் சூட்டிலும், விரைவிலும் மெதுவிலும் ஒருங்கே தாழ்ந்திருப்பின் விடுவிப்பு வால்வு, சம்பிலுள்ள வடி, பம்பி ஆகியவற்றை நாடவேண்டும். திடீரெனச் சுழியத்துக்கு இறங்கினால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. அக்கணமே எஞ்சினை நிறுத்துக.

விடுவிப்பு வால்வைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். நம் கராஜ்களில் மிகுதியும் பிழையாக விளங்கப்படுவது இதுவே. எஞ்சினின் பின்புறப் பக்கத்தில் குவிந்த தலையுள்ள ஒரு நட்டின் உள்ளே வால்வும் சுருள்வில்லும் உள. அமுக்கம் மிகுந்தால் வால்வு திறந்து மிகையெண்ணெயைச் சம்புக்கு மீட்கும். தூசு சிக்கித் திறந்தபடி நின்றாலோ, இருக்கை தேய்ந்தாலோ அமுக்கம் விழும். அப்பொழுது துப்புரவாக்குதலும், வில் தளர்ந்திருப்பின் புதியது இடுதலும் முறையே. ஆனால் தேய்ந்த எஞ்சினுக்கு மருந்தாக வில்லின் கீழ் வாஷர் வைத்து இறுக்குதல் வீண். இவ்வால்வு அமுக்கத்தின் மேலெல்லையை வகுப்பதன்றிக் கீழெல்லையை வகுப்பதன்று. மெல்லியக்கத்தில் 5 இறாத்தல் காட்டும் எஞ்சினில் வால்வு முன்னரே மூடியுள்ளது. மூடிய கதவை மேலும் தாழிடுவதால் வருவது யாது? மறுநாட் காலை, குளிர்ந்து தடித்த எண்ணெயில் அமுக்கம் அளவு கடந்து வடிகட்டியின் வளையத்தைப் பிதுக்கித் தள்ளுதலே விளையும். மிகத் தடித்த எண்ணெயை ஊற்றி முள்ளை உயர்த்தி வண்டியை விற்பாரும் உளர். வாங்குவோர் எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தே விலை பேசுதல் வேண்டும்.

பெயரிங்கைச் சோதிக்கச் சம்பை இறக்கி மூடிகளைக் கழற்றுவர். தண்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் நூலொன்றை வைத்து மூடியை உரிய விசையில் இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய நூலின் அகலம் இடைவெளியைக் கூறும். இவ்வெஞ்சினின் பிரதான பெயரிங்குகளுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் அரை முதல் இரண்டு வரை தகும். தண்டு வட்டமாயும் கீறலின்றியும் இருப்பின் புதிய பெயரிங்குகளே போதும். நீள்வட்டமாய்த் தேய்ந்திருப்பின் ஆயிரத்தில் 10, 20, 30 அல்லது 40 குறைத்துக் கடைந்து, அவ்வளவுக்குரிய பெயரிங்குகளை இடுதல் வேண்டும். பம்பி இவ்வெஞ்சினில் பின்புறத்தே கமத்தண்டின் நுனியில் உள்ளதாகலின், பறக்கும் சில்லை அகற்றாது அதனை அடைய இயலாது. எஞ்சின் வெளியே எடுக்கப்பட்ட வேளையிற் பம்பியைச் சோதியாது விடுதல் பெரும் பேதைமை. சுழலிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள வெளி ஆயிரத்தில் ஐந்தினைக் கடந்தால் அது பயன்படாது.

கடைந்த தண்டின் எண்ணெய்த் துளைகளில் தங்கிய உலோகத் தூளைக் கம்பித் தூரிகையாலும் காற்றாலும் போக்குக. இதனை மறந்தால் புதிய பெயரிங்குகள் சில மைல்களிலேயே கீறுண்ணும். பூட்டுகையில் பம்பியை எண்ணெயால் நிரப்பி, பெயரிங்குகளுக்கும் எண்ணெய் தடவுதல் வேண்டும். பின் தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, அமுக்கமானியின் முள் எழும்வரை எஞ்சினைச் சுற்றுக. அதன் பின்னரே தீமூட்டுக. முதல் 500 மைலில் எண்ணெயை மாற்றி, வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் உலோகத் துணுக்குகள் உளவா என்பது தெரியும்.